அக்கா குரல் இருந்த லேப்டாப்

பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுறேன். கூப்பிட்டா லைன் போகமாட்டேங்குது, மெசேஜ் அனுப்பினா ஒத்த டிக்கோட நிக்குது. என் நம்பரை நீ அடைச்சு வச்சிருக்கேன்னு புரிஞ்சுது. அதனாலதான் உங்க ஊருக்கு வர்ற பஸ் டிரைவர் அண்ணன் கையில இதைக் கொடுத்து விடுறேன். எப்படியும் உன் விசாரணை கவுண்டரைத் தாண்டித்தானே அவர் டீ குடிக்கப் போகணும்.

திங்கட்கிழமை நடந்ததை அவர்தான் சொன்னார். நீ கவுண்டரைத் திறந்து லேப்டாப்பைத் தட்டினியாம், குரல் வரலையாம். வரிசை கேட் வரைக்கும் போயிடுச்சாம். நீ சிலேட்டுல எழுதி எழுதிக் காட்டினியாம். கண் பார்வை மங்கின ஒரு பெரியவர் "ஏம்மா, வாயைத் திறந்து சொன்னா குறைஞ்சா போயிடுவே"ன்னு கத்தினாராம். அதைக் கேட்டதிலேர்ந்து எனக்கு சாப்பாடு இறங்கலை.

நான் வேணும்னு பண்ணலை அக்கா. பழைய சிஸ்டம் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரையும் இனிமே பஸ் நிலையத்து நெட்வொர்க்ல விடமாட்டோம்னு உங்க ஆபீஸ்லதான் நோட்டீஸ் ஒட்டினாங்க. அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினது நீதான். கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற தம்பி இருக்கும்போது அதை எதுக்கு வெளியாள் கையில கொடுக்கணும்னு ஞாயித்துக்கிழமை ஓடி வந்தேன். புது சிஸ்டத்தை ஏத்தினேன். எல்லாம் பச்சை டிக் காட்டுச்சு. போட்டோ இருந்துச்சு, பாட்டு இருந்துச்சு, உன் குரல் புரோகிராமோட படமும் திரையில அதே மூலையில இருந்துச்சு. நீ சிலேட்டுல "என் குரல் பத்திரமா?"ன்னு எழுதி என் மூக்குக்கு முன்னால நீட்டினே. நான் வாயில வச்ச சோத்தோட "அப்படியே இருக்கு"ன்னேன். ஒரு தடவை திறந்து பார்த்திருக்கணும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன்.

தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால நீ உட்கார்ந்து பேசிப் பேசிப் பதிவு பண்ணின வாக்கியம் எதுவும் அழிஞ்சிருக்காது. அதைப் பேச வைக்கிற புரோகிராம்தான் புது சிஸ்டத்துல திறக்கமாட்டேங்குது. சரி பண்ணிடலாம், பயப்படாதே. ஒரே ஒரு வரி பதில் போடு. திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

உன் தம்பி


பிப்ரவரி 9

அக்கா,

டிரைவர் அண்ணனைக் கேட்டேன். "வாங்கினாங்க, டிராயரைத் திறந்தாங்க, போட்டாங்க, மூடினாங்க"ன்னார். பிரிக்கவே இல்லையாம். இதையாவது பிரி. கவர் மேல சிவப்பு மையில அவசரம்னு எழுதியிருக்கேன்.

புது சிஸ்டம் ஏத்தின பத்து நாளைக்குள்ள பழையதுக்கே திரும்பிப் போக ஒரு வழி இருக்கு. தாண்டிட்டா பழையதை அதுவே அழிச்சிடும், உன்னைக் கேட்காது. வர்ற புதன்கிழமை கடைசி நாள்.

செட்டிங்ஸ் திற. பல்சக்கரம் மாதிரி படம் போட்டிருக்கும். அதுக்குள்ள சிஸ்டம், அதுக்குள்ள மீட்பு. அங்க "திரும்பிச் செல்"னு ஒரு பட்டன். அதை அழுத்தினா ஏன் போறீங்க, எங்ககிட்ட என்ன குறைன்னு கேட்கும், எதையாவது தொட்டு விடு. இன்னொரு அப்டேட் போட்டுப் பார்க்கலாமான்னு கெஞ்சும், வேண்டாம்னு சொல்லு. பவர் வயர் சொருகியிருக்கணும். நடுவுல அணைச்சிடாதே, தெய்வமே, நடுவுல மட்டும் அணைச்சிடாதே.

நானே வந்து செஞ்சு கொடுத்திருப்பேன். இப்ப ஊரை விட்டு நகர முடியாத நிலைமை. காரணத்தை அப்புறம் சொல்றேன்.

தம்பி


பிப்ரவரி 18

தடியா,

அன்புள்ளன்னு எழுத கை வரலை, விட்டுட்டேன்.

உன் கடிதம் ரெண்டையும் இன்னைக்குத்தான் பிரிச்சேன். மனசு இளகிப் பிரிச்சேன்னு நினைச்சுக்காதே. டிராயர்ல சாக்பீஸ் தேடினப்போ சிவப்பா அவசரம்னு கண்ணுல பட்டுது. உனக்கு என்னைக்குத்தான் அவசரம் இல்லைன்னு முணுமுணுத்துக்கிட்டே பிரிச்சேன். முணுமுணுத்தேன்னு பழக்கத்துல எழுதிட்டேன், உதடுதான் அசைஞ்சுது.

படிச்சதும் எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. பல்சக்கரத்தைத் தேடிக் கண்டுபிடிச்சேன். நீ சொன்ன பட்டன் இருக்குடா. ஆனா வெளுத்துப்போய் இருக்கு. அழுத்தினா அசையலை. கீழே பொடி எழுத்துல "இந்த வசதி இனி இந்தக் கணினியில் இல்லை"ன்னு போட்டிருக்கு. எத்தனை தடவை அழுத்தினேன்னு எனக்கே தெரியாது. வரிசையில நின்ன ஒரு அம்மா "பாவம், அவங்களுக்கு உடம்பு சரியில்லை போல"ன்னு பக்கத்துல நின்னவங்ககிட்ட சொன்னாங்க.

என் வீம்பாலதான் அந்தப் பத்து நாள் போச்சு. தெரியுது. ஆனா அதுக்கும் சேர்த்து உன் மேலதான் கோபம் வருது, நான் என்ன பண்ணட்டும்?

இந்தப் புது சிஸ்டத்தோட நான் படுற பாட்டைக் கேளு. காலையில திறந்ததும் என் மூஞ்சியைக் காட்டச் சொல்லுது. காட்டினா நீ நீ இல்லைங்குது. அப்புறம் என்னைப் பத்தித் தெரிஞ்சுக்கணுமாம், எதுல ஆர்வம், சமையலா விளையாட்டா பயணமான்னு கேட்டுது. சனியன் விட்டா போதும்னு பயணத்தை அழுத்தினேன். இப்ப பஸ் நிலையத்து விசாரணை கவுண்டர்ல உட்கார்ந்திருக்கிற எனக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் விளம்பரம் வருது. நேத்து கூட்ட நேரத்துல தானாவே அணைஞ்சு, நீலத் திரையில ஒரு வட்டம் சுத்திக்கிட்டு, "இன்னும் சிறிது நேரம்"னு நின்னுது. பஸ் நிக்குமா? ஒரு குடும்பமே மூட்டை முடிச்சோட என்னைப் பார்த்துக்கிட்டே பஸ்ஸைக் கோட்டை விட்டுது.

அதுகூடவே ஒரு குரல் வந்திருக்கு பாரு. செய்தி வாசிக்கிற பொம்பளை மாதிரி. நான் தட்டினா "தாங்கள் செல்ல வேண்டிய பேருந்து நான்காம் மேடையில் நிற்கிறது"ங்குது. ஜனங்க அதை ரெக்கார்டிங்னு நினைச்சு, முடியட்டும்னு பொறுமையா நிக்கிறாங்க. முடிஞ்சதும் கண்ணாடியைத் தட்டி "உள்ளே யாராவது இருக்கீங்களா?"ங்கிறாங்க. உள்ளே நான் இருக்கேன்டா!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மார்ச் 3, திங்கட்கிழமை, தலைமை ஆபீஸ்லேர்ந்து ஒரு அதிகாரி வந்து என் கவுண்டர்ல உட்கார்ந்து பார்க்கப் போறாராம். என்னால வேலை ஓடுதுன்னு அவருக்குத் தோணினா சரி. இல்லைன்னா என்னைத் தொலைஞ்ச பொருள் அறைக்கு மாத்திடுவாங்க. குடையும் ஒத்தைச் செருப்பும் அடுக்கி வச்சிருக்கிற அறை. "அங்க நீங்க பேசவே வேண்டியதில்லம்மா"ன்னு மேலாளர் ரொம்ப நல்லவர் மாதிரி சொன்னார். பேசவே வேண்டியதில்லையாம். வீட்டுலயும் ஒருத்தரும் இல்லாம இருந்துட்டு, இங்கேயும் குடையோட உட்கார்ந்திருக்கணுமா நான்?

எனக்கு அந்தக் கவுண்டர் வேணும்டா. "எத்தனாவது மேடைக்கா?"ன்னு கேட்டா என் வாயால பதில் வரணும். என்ன செய்வியோ தெரியாது.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தடியான்னு பார்த்ததுமே பாதி உயிர் திரும்பி வந்துடுச்சு.

லேப்டாப்பை அனுப்பி வை. வேற வழி தெரியலை. இங்கேயிருந்தே நெட் வழியா உள்ளே வந்து பார்க்கலாம்னா, அந்தப் புரோகிராம் உன் வாக்கியங்களை எந்த மூலையில ஒளிச்சு வச்சிருக்குன்னு கண்டுபிடிக்க மெஷின் என் கையில இருக்கணும். அதைச் செஞ்ச கம்பெனியைத் தேடினேன். மூடிட்டுப் போயிட்டாங்க. போன் அடிச்சா ஒரு தையல் கடை எடுக்குது. ரெண்டாவது தடவை அடிச்சதுக்கு அளவு ரவிக்கை கொண்டு வந்தீங்களான்னு கேட்டாங்க.

துண்டுல நல்லா சுத்தி டிரைவர் அண்ணன்கிட்ட கொடு. நான் பஸ் நிக்கிற இடத்துலயே நின்னு வாங்கிக்கிறேன்.

நீயே ஏன்டா வரக்கூடாதுன்னு கேட்பே. சொல்லிடறேன். உன் தம்பி பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருக்கா. அஞ்சாவது மாசம். கட்டிலை விட்டு இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நான் கடைக்கும் வார்டுக்கும் நடுவுல ஓடிக்கிட்டிருக்கேன். போன தடவை மாதிரி ஆகிடுமோன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லலை. உன்கிட்ட ஞாயித்துக்கிழமை நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன். முதல்ல சிஸ்டத்தை ஏத்திட்டு அப்புறம் சொல்லலாம்னு நினைச்சேன். அது ஏறி முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு.

தம்பி


பிப்ரவரி 21

அட படுபாவி,

நான் அத்தை ஆகப்போறது எனக்கு பஸ் டிரைவர் மூலமாத்தான் தெரியணுமா? அவருக்கு முன்னாடியே தெரியுமாமே! நான் படிச்சிட்டுக் கண்ணைத் துடைச்சதும் "இப்பத்தான் சொன்னானா?"ன்னு கேட்கிறார். சிஸ்டம் ஏறட்டும் அப்புறம் சொல்லலாம்னு உட்கார்ந்திருந்தியா? ஒரு வார்த்தை சொல்றதுக்கு அந்த வட்டம் சுத்தி முடியணுமா? அன்னைக்கு நீ சரியா சாப்பிடாததும், போனை எடுத்து எடுத்துப் பார்த்ததும் இப்பத்தான் புரியுது. நான் வேற உனக்கு மறுசோறு வைக்கிறதுலயே குறியா இருந்துட்டேன்.

அவ எப்படி இருக்கா? ரத்தம் எதுவும் படலையே? படுத்தே இருந்தா முதுகு வலிக்கும், கால்ல தலையணை வச்சுக் கொடு. டாக்டர் சொல்றதை நீ பாதி காதுலதான் வாங்குவே, எழுதி வாங்கு. எனக்குக் குரல் இருந்தா இப்பவே போன் பண்ணி அவகிட்டப் பேசியிருப்பேன். என்ன சொல்லியிருப்பேன்னு தெரியலை, ஆனா பேசியிருப்பேன்.

லேப்டாப் விஷயத்துக்கு வர்றேன். என் குரலைத் துண்டுல சுத்தி டிரைவர்கிட்ட கொடுன்னு எவ்வளவு சுலபமா எழுதிட்டே. மத்தவங்களுக்கு அது மெஷின். எனக்குத் தொண்டையில இருந்ததை எடுத்து வெளியில வச்ச மாதிரி. வேற பிரதி கிடையாது. பள்ளத்துல வண்டி குதிச்சா? யாராவது தண்ணி பாட்டிலைச் சாய்ச்சிட்டா? வழியில சாப்பிட நிறுத்துறப்போ எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா? பழைய லேப்டாப்புன்னு உடைச்சுப் போடுவான், நான் சொல்லி வச்சதெல்லாம் குப்பையில கிடக்கும்.

ஆனாலும் அனுப்பிட்டேன். கம்பளிச் சட்டையில சுத்தி, அது மேல துண்டு, அது மேல என் சாப்பாட்டுப் பை. டிரைவர் அண்ணன்கிட்ட சிலேட்டுல எழுதிக் காட்டினேன்: மடியில வச்சு ஓட்ட முடியுமா? அவர் சிரிச்சுட்டு சீட்டுக்குப் பின்னால கயிறு போட்டுக் கட்டினார். வண்டி கேட்டைத் தாண்டுற வரைக்கும் நின்னு பார்த்தேன். இந்த நிலையத்துல எத்தனையோ பேரை வழி அனுப்பியிருக்கேன். என்னையே வழி அனுப்பினது இதுதான் முதல் தடவை.

கிடைச்சதும் எழுது. அவளைப் பத்தி முதல்ல எழுது, லேப்டாப்பை ரெண்டாவதா எழுது.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

அவ நல்லா இருக்கா. நேத்து ஸ்கேன் எடுத்தாங்க, துடிப்பு சரியா இருக்குன்னாங்க. இன்னும் ரெண்டு வாரம் தாண்டணுமாம். முதுகு வலிதான். தலையணை விஷயம் சொன்னதுக்கு உனக்கு நன்றி சொல்லச் சொன்னா.

லேப்டாப் பத்திரமா வந்துச்சு. கம்பளிச் சட்டையில கட்டிக் கொடுத்ததைப் பார்த்துக் கடைப் பையன்கள் உள்ளே பூனைக்குட்டியான்னு கேட்டாங்க.

உன் வாக்கியம் எல்லாம் இருக்கு அக்கா. ஒண்ணுகூட அழியலை. சிஸ்டத்தோட அடிவயித்துல ஒரு மறைவான இடத்துல கிடந்துச்சு. முதல்ல கிடைச்சதைத் தட்டிப் பார்த்தேன். "சில்லறை இங்க கிடையாது, டீக்கடையில கேளுங்க"ன்னுச்சு. உன் குரல். அந்தக் கடைசி "கேளுங்க"வை இழுப்பியே, அதே இழுப்பு. நான் கடைக்குள்ள போய் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு அழுதேன். வெக்கமா இருந்துச்சு, ஆனா அழுதேன். நீ பேசிக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்கிறதே எனக்கு அப்பத்தான் உறைச்சுது. நீ கவுண்டர்ல மெஷின்ல பேசுவே, வீட்டுல என்கிட்ட சிலேட்டுலதான் பேசுவே.

அந்தப் பழைய புரோகிராமைப் புது சிஸ்டத்துல ஓட வைக்க என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன், அசையலை. அதனால நானே சின்னதா ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன். கீபோர்டுல ஒரு சாவியைத் தட்டினா ஒரு வாக்கியம். அவ்வளவுதான். ஆனா ஒரு சிக்கல். வாக்கியங்களுக்குப் பேர் இல்லை, வெறும் நம்பர்தான். எந்தச் சாவிக்கு எதுன்னு அந்தப் பழைய புரோகிராமுக்குத்தான் தெரியும். சாவி மேல நீ ஸ்டிக்கர்கூட ஒட்டலை! ஒவ்வொண்ணா கேட்டு எழுதி வச்சுக்கிட்டு வர்றேன். எந்தச் சாவிக்கு எந்த வாக்கியம்னு உடனே எழுதி அனுப்பு.

கேட்கிற வேலையை வார்டுல அவ பக்கத்துல உட்கார்ந்துதான் பண்றேன். நேத்து பார்வையாளர் நேரத்துல சத்தத்தைக் குறைக்க மறந்துட்டேன். "வரிசையில வாங்க, வரிசையில வாங்க, யாருக்கும் பஸ் ஓடிப்போகாது"ன்னு நீ ஒரு அதட்டல் போட்டே. கதவுக்கிட்ட முண்டிக்கிட்டிருந்த ஜனம் அப்படியே ஒதுங்கி வரிசையா நின்னுடுச்சு. அவ சிரிச்ச சிரிப்புல நர்ஸ் ஓடி வந்து திட்டிட்டுப் போனாங்க, சிரிக்கக் கூடாதாம்.

தம்பி


பிப்ரவரி 26

தம்பி,

துடிப்பு சரின்னு படிச்சதும் மேஜையைக் கையால ஓங்கித் தட்டினேன். இன்னும் ரெண்டு வாரம். சரி. அவளைச் சிரிக்க வைக்காதே.

ஸ்டிக்கர் எதுக்குடா? விரலுக்குத் தெரியும்னு ஒட்டலை. இப்ப எழுதி அனுப்புன்னு நீ கேட்டதும் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன், ஒண்ணும் வரலை. எனக்குத் தெரியவே இல்லைடா! விரலுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. கடைசியில ஒரு அட்டையில சாவிகளை வரைஞ்சு, மேஜையில வச்சு, எதிர்ல யாரோ நிக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டுத் தட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியா பார்த்துட்டு, பாவம், முத்திடுச்சுன்னு நினைச்சிருப்பாங்க.

நிச்சயமா தெரிஞ்சது இவ்வளவுதான். நம்பர் சாவி எல்லாம் அந்தந்த மேடை. நீளச் சாவி "சொல்லுங்க". வலது ஓரத்துப் பெரிய சாவி "அவ்வளவுதான், அடுத்தவங்க". நடுவரிசையில ஆள்காட்டி விரல்கள் நிக்கிற இடத்துல "போயிடுச்சு", "இன்னும் வரலை". "வரிசையில வாங்க" இடது கை சுண்டு விரல்னு தெரியுது, எந்த எழுத்துன்னு தெரியலை. மிச்சத்தை நீயே பார்த்து வை. உனக்கு என் பேச்சு தெரியாதா?

இங்க நிலைமை நல்லா இல்லை. முழு நேரமும் சிலேட்டுதான். சாக்பீஸ் தூள் கழுத்துத் துணியையும் மீறி ஆபரேஷன்ல போட்ட துளைக்குள்ள போய் இருமல் வந்தா நிக்கமாட்டேங்குது. நான் இருமினா சத்தம் எப்படி வரும்னு உனக்குத் தெரியும், ஜனங்க ரெண்டடி தள்ளிப் போறாங்க. நேத்து மேலாளர் ஒரு பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்து கவுண்டரைச் சுத்திக் காட்டினார். அந்தப் பொண்ணு என் நாற்காலியோட உயரத்தைப் பார்த்து "இதை இறக்கலாமா சார்?"னு கேட்டுது. நல்ல பொண்ணுதான். ஆனா அவங்க போற வரைக்கும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

திங்கட்கிழமைக்கு முன்னால லேப்டாப் என் கையில இருக்கணும். ஒரு நாளாவது நான் தட்டிப் பார்த்துப் பழகணும். தயவு செஞ்சு.

அக்கா


மார்ச் 2

அக்கா,

வெள்ளிக்கிழமையே அனுப்பியிருப்பேன். அன்னைக்குச் சாயங்காலம் அவளுக்கு வலி வந்துடுச்சு. நேத்து பூரா கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். இப்ப அடங்கிடுச்சு, பயம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. குழந்தை நல்லா இருக்கு. இதைச் சொல்லாம மறைச்சேன்னா நீ கொன்னுடுவேன்னு எழுதுறேன்.

வேலை முடிஞ்சுது. இந்தப் பஸ்ஸுல ஏத்துறேன், திங்கட்கிழமை காலையில வந்து சேரும். நீ பழக நேரம் இருக்காது, என்னை மன்னிச்சுக்கோ. திறந்ததும் வேற எதுவும் கேட்காது, மூஞ்சி கேட்காது, நேரா உன் புரோகிராம்தான் வரும். அப்டேட்டை எல்லாம் அடைச்சுட்டேன். உன் வாக்கியங்களை நாலு இடத்துல பிரதி எடுத்து வச்சிருக்கேன், ஒண்ணு வார்டுல அவ தலைமாட்டுல இருக்கு. நீ சொன்ன சாவி எல்லாம் நீ சொன்ன இடத்துல. மிச்சத்தை நீ எப்படிப் பேசுவேன்னு யோசிச்சு யோசிச்சு வச்சேன். ஒண்ணு ரெண்டு தப்பா இருக்கலாம். கடவுளே, ஒண்ணு ரெண்டோட போகணும்.

இன்னொண்ணு கேட்கணும். கேட்கலாமான்னு தெரியலை. உன் பதிவு எல்லாத்தையும் ஒண்ணு விடாம கேட்டேன். பயணிக்கு இருக்கு, மேலாளருக்கு இருக்கு, டீக்கடைக்காரருக்கு இருக்கு, கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவருக்கு இருக்கு, பேங்க்குக்கு இருக்கு, பக்கத்து வீட்டு அம்மாவுக்குக்கூட மூணு நாலு இருக்கு. எனக்குன்னு ஒண்ணுகூட இல்லையே அக்கா. "டேய்"னு ஆரம்பிக்கிறது ஒண்ணாவது இருக்கும்னு கடைசி நம்பர் வரைக்கும் தேடினேன். குறை சொல்லலை. சும்மா கேட்டேன்.

தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

வலி திரும்ப வரலையே? பதில்ல அதை முதல் வரியா எழுது. மறைக்காம சொன்னதால உன்னைக் கொல்லலை.

நேத்து உன் பஸ் லேட். அதிகாரி வந்துட்டார். பார்க்க நல்லா உயரமா, கையில ஒரு பேடோட, கவுண்டருக்குள்ளே என் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துட்டார். மேலாளர் கதவுக்கிட்ட நிக்கிறார். நான் சிலேட்டோட உட்கார்ந்திருக்கேன், கை வேர்த்து சாக்பீஸ் வழுக்குது. அப்பத்தான் டிரைவர் அண்ணன் பையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, வரிசையை விலக்கிக்கிட்டு ஓடி வந்தார். எனக்கு அந்த மனுஷனைக் கட்டிப் பிடிக்கணும் போல இருந்துது.

திறந்தேன். முதல் ஆள் வந்தார். நீளச் சாவியைத் தட்டினேன். "சொல்லுங்க"ன்னு சொன்னேன்டா. நான் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தினம் வர்ற பூக்காரம்மா "அட, அக்கா பேசுது!"ன்னு கத்தினாங்க. அப்புறம் மளமளன்னு போச்சு. மூணாவது மேடை, போயிடுச்சு, இன்னும் வரலை, அடுத்தவங்க. என் விரல் தானா ஓடுது. அதிகாரி பேடுல என்னவோ எழுதிக்கிட்டே இருக்கார்.

நடுவுல அவரே எழுந்து வெளியில போய், பயணி மாதிரி நடிச்சு, வரிசையை விட்டுட்டுப் பக்கவாட்டுல வந்து கேள்வி கேட்டார். நான் என்ன பண்றேன்னு பார்க்கிறாராம். நான் பதட்டமே படலை. இடது கை சுண்டு விரலால மேல் வரிசைச் சாவியைத் தட்டினேன். "வரிசையில வாங்க"ன்னு வரணும். வந்தது என்ன தெரியுமா? "சீ, போ வெளியே! எத்தனை தடவை சொல்றது!" அது கவுண்டர் வாசல்ல வந்து படுக்குமே தெருநாய், அதுக்குன்னு பதிவு பண்ணினது. அதைக் கொண்டுபோய் அங்க வச்சிருக்கே, மகாராசா!

அதிகாரி நிஜமாவே ரெண்டடி பின்னால போயிட்டார். அப்புறம் நின்னார். மேலாளர் மூஞ்சியில ஈ ஆடலை. மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லலாம்னு அவசர அவசரமா சாவியைத் தேடுறேன், அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. அத்தனை வாக்கியம் பதிவு பண்ணின மகராசி, மன்னிப்பு கேட்கிற மாதிரி ஒண்ணுகூடப் பதிவு பண்ணலை! அது எனக்குத் தேவைப்படும்னு தோணவே இல்லை பாரு. சிலேட்டை எடுத்து "மன்னிக்கணும் சார், அது நாய்க்கு. புது சிஸ்டம்"னு எழுதிக் கண்ணாடியில வச்சேன்.

அவர் படிச்சார். "புது சிஸ்டமா?"ன்னார். பெரிசா மூச்சு விட்டு, "எங்க ஆபீஸ்லயும் ஏத்தியிருக்காங்கம்மா. போன வாரம் நான் லீவு கேட்டேன், எனக்குப் பணி ஓய்வு கொடுத்து ஆர்டர் அடிச்சிடுச்சு"ன்னார். பூக்காரம்மாதான் முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் வரிசை மொத்தமும். நானும் சிரிச்சேன். எனக்குச் சத்தம் வராது, தோள்தான் குலுங்கும். அவர் பார்த்துக்கிட்டே இருந்துட்டு, வரிசையோட கடைசியில போய் நின்னு, முறை வந்ததும் திரும்பக் கேட்டார். நானும் சரியா பதில் சொன்னேன்.

உத்தரவு எழுத்துல வரும்னு சொல்லிட்டுப் போயிருக்கார். வர்ற வரைக்கும் எனக்குப் பக் பக்னுதான் இருக்கும். ஆனா போகும்போது மேலாளர்கிட்ட "அந்தக் கவுண்டர்ல வேற ஆள் எதுக்கு?"ன்னு கேட்டது என் காதுல விழுந்துது. காது நல்லாத்தான் இருக்கு.

உன் நம்பரைத் திறந்துட்டேன். எப்படித் திறக்கணும்னு தெரியாம அந்தப் புதுப் பொண்ணுதான் செஞ்சு கொடுத்துது. இன்னைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வீடியோ கால் போடப் போறேன். அவ முகத்தைப் பார்க்கணும். சிலேட்டுல எழுதிக் காட்டுறேன், அவ பேசட்டும்.

கடைசியா நீ கேட்டது. உனக்குன்னு ஒண்ணுகூட ஏன் இல்லைன்னு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கவுண்டருக்கு வேண்டியதெல்லாம் சொல்லி முடிச்சிட்டு, உனக்கு ஒண்ணு சொல்லி வைக்கலாம்னு உட்கார்ந்தேன். அந்தப் பழைய புரோகிராம் நாம சொல்றதைக் கேட்டுப் பார்த்துட்டுத்தான் சேர்த்துக்கும். குரல் பிசிறினா தள்ளிவிட்டு, "தெளிவாக இல்லை, மீண்டும் சொல்லவும்"னு போடும். நாயைத் துரத்தினதைக்கூட முதல் தடவையே ஏத்துக்கிச்சு. உனக்குச் சொன்னதை மட்டும் ஏத்துக்கவே இல்லைடா. தண்ணி குடிச்சிட்டுச் சொன்னேன். ஜன்னலைச் சாத்திட்டுச் சொன்னேன். மீண்டும் சொல்லவும், மீண்டும் சொல்லவும்னு கேட்டுக்கிட்டே இருந்துது. இருட்டுற வரைக்கும் பார்த்துட்டு மூடி வச்சிட்டேன்.

பெரிசா ஒண்ணும் இல்லை. "டேய், எனக்குப் பயமா இல்லைடா"ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.

அக்கா